அண்ணத்துச் சதையா, பெட்டியில் வரும் பொருளா? ஈறு ஒட்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

ஈறு இறங்கிப் பல்வேர் வெளியே தெரிகிறது. அல்லது இம்ப்ளான்ட்டை, அதாவது எலும்பில் நட்ட செயற்கைப் பல்வேரை, சுற்றியிருக்கும் ஈறு மெலிந்து, உள்ளே இருக்கும் உலோகம் சாம்பல் நிழலாகத் தெரிகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, "ஒட்டு வைக்கணும். அண்ணத்திலிருந்து எடுக்கலாம். வேண்டாம்னா பெட்டியில் வர்ற மாற்றுப் பொருளும் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறார். வாயைத் திறந்தபடி சாய்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் ஒரே எண்ணம்தான் வரும்: அண்ணத்தில் கத்தி படாமல் இருந்தால் போதும்.

இயல்பான பயம் அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சில ஆண்டுகளில் அதே பல்லுக்கு மறுபடியும் போக நேரலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. மாற்றுப் பொருளே போதுமாக இருந்த இடத்தில் அண்ணத்தை அறுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கஞ்சியும் கூழுமாகக் கழிப்பது தேவையில்லாத வேதனை. "எந்தப் பொருள் சிறந்தது?" என்று தொடங்கினால் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்வோம். "என் ஈறில் எது குறைகிறது?" என்று தொடங்கினால் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதலில், எது குறைகிறது?

ஈறில் மூன்று விதமான குறை வரும். ஒன்று உயரம்: ஈறின் விளிம்பு கீழிறங்கி வேர் தெரிவது. இன்னொன்று தடிமன்: ஈறு இருக்கிறது, ஆனால் காகிதம்போல மெல்லியதாக இருக்கிறது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துப் பாருங்கள். பல்லை ஒட்டிய வெளிர் இளஞ்சிவப்புப் பட்டை அசையாது. அதற்கு அடுத்திருக்கும் அடர்சிவப்புச் சதை உதட்டோடு சேர்ந்து ஆடும். அசையாத அந்தப் பட்டைதான் கெட்டி ஈறு. அதன் மேல்தோலில் கெரட்டின் என்ற கடினமான புரதம் இருக்கிறது. உணவின் உராய்வையும் பிரஷின் உராய்வையும் தாங்குவது அதுதான். அந்தப் பட்டை தேய்ந்துபோய், ஆடும் சதை நேராகப் பல்லையோ இம்ப்ளான்ட்டையோ தொட்டால், துலக்கும்போதெல்லாம் வலிக்கும். வலிக்கிறதென்று துலக்காமல் விட்டால் வீக்கம் வரும்.

இந்த மூன்று குறைகளுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, பற்களுக்கு இடையிலிருக்கும் எலும்பு. இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கைரோவும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் ஈறு இறக்கத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பற்களின் இடுக்கில் எலும்பும் ஈறும் பல்லைப் பிடித்திருக்கும் பிடிப்பு குறையாமல் இருந்தால் முதல் வகை, அதில் வேரை முழுதாக மூட முடியும். இடுக்கிலும் பிடிப்பு போய், அந்த இழப்பு முன்பக்க இழப்பைவிட அதிகமாகிவிட்டால் மூன்றாம் வகை. அங்கே எந்தப் பொருளை வைத்தாலும் முழு மூடலை எதிர்பார்க்கக் கூடாது. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் பொருளைப் பற்றிப் பேசுவது வீண்.

இரண்டாவது, ஒட்டே தேவைப்படாமலும் இருக்கலாம். ஈறு போதுமான தடிமனோடு இருந்தால், ஏறத்தாழ 0.8 மி.மீ.க்கு மேல் என்பது பலரும் சொல்லும் அளவு, ஈறைப் பிரித்து மேலே நகர்த்தித் தைத்தாலே வேர் மூடிக்கொள்ளும். பல் கூச்சம் இல்லாமல், இறக்கம் கூடாமல் இருக்கும் பல்லுக்கு, துலக்கும் முறையைத் திருத்திவிட்டு ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதும் சரியான சிகிச்சையே.

அண்ணம் ஏன் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது

அண்ணத்திலிருந்து இரண்டு விதமாக எடுக்கிறார்கள். மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டை எடுத்து அப்படியே வைப்பது பழைய முறை, 1960களில் வந்தது. கெட்டி ஈறு பட்டையை அகலமாக்குவதில் இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நிறம் சேராது. சுற்றியுள்ள ஈறுக்கு நடுவில் வெளிறிய ஒட்டுத்துணிபோல நிற்கும், நன்றாகச் சுருங்கவும் செய்யும். சிரித்தால் தெரியும் இடத்துக்கு இது வேண்டாம். இரண்டாவது முறையில், தோலுக்கு அடியிலிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, ஈறுக்கு உள்ளே மறைத்துத் தைக்கிறார்கள். பர்ட்டன் லாங்கரும் லோரீன் லாங்கரும் 1985இல் விவரித்த முறை இது. நிறம் சேரும், தடிமன் கூடும், வேரும் மூடும். இன்றும் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அதை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அண்ணத்துத் திசுவுக்கு அப்படி என்ன சிறப்பு? 1975இல் தோர்கில்ட் கார்ரிங்கும் அவரோடு பணியாற்றியவர்களும் குரங்குகளில் ஒரு சோதனை செய்தார்கள். கெட்டி ஈறின் அடித்திசுவையும், ஆடும் சதையின் அடித்திசுவையும் எடுத்து வேறு இடத்தில் நட்டார்கள். அவற்றின் மேல் புதுத்தோல் வளர்ந்தது. கெட்டி ஈறிலிருந்து வந்த திசுவின் மேல் கெரட்டின் தோலும், ஆடும் சதையிலிருந்து வந்த திசுவின் மேல் கெரட்டின் இல்லாத தோலும் வளர்ந்தன. மேலே எந்தத் தோல் வர வேண்டும் என்று அடியிலிருக்கும் திசுதான் சொல்கிறது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மை இதுதான், முடிவெடுப்பதற்கான திறவுகோலும் இதுதான். அண்ணத்துத் திசு செல்களோடும், "கெட்டி ஈறாக வளர்" என்ற கட்டளையோடும் வருகிறது. பெட்டியில் வரும் பொருளில் செல் கிடையாது, அது ஒரு பந்தல். கொடி பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். பக்கத்தில் கெட்டி ஈறு இருந்தால் கெட்டி ஈறு ஏறும். ஆடும் சதைதான் இருக்கிறதென்றால் அதுதான் ஏறும்.

சரி, அண்ணத்தில் எடுப்பதன் வேதனை எவ்வளவு? மேல்தோலோடு எடுத்தால் திறந்த புண் ஆறச் சில வாரம் ஆகும். முதல் சில நாள் சூடானதும் காரமானதும் ஆகாது. தோலைத் திறந்து உள்ளிருந்து எடுத்துவிட்டு மறுபடி மூடித் தைத்தால் பொதுவாகச் சீக்கிரம் ஆறும், ஆனால் மூடிய தோல் மெலிதாக இருந்தால் அது அழுகி வலி கூடவும் வாய்ப்புண்டு. வலியைப் பெரிதும் தீர்மானிப்பது எவ்வளவு பெரிதாக, எவ்வளவு ஆழமாக எடுக்கிறார்கள் என்பதுதான். ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறு துண்டும், ஆறு பல்லுக்கு எடுக்கும் நீளத் துண்டும் ஒரே அனுபவமாக இருக்காது. அண்ணத்துக்குள் ஓடும் பெரிய தமனியின் இடத்தைப் பொறுத்தும், அண்ணத் தோலின் தடிமனைப் பொறுத்தும் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. சிலருக்கு அந்த எல்லை மிகக் குறுகியது. புண்ணின் மேல் கொலாஜன் பஞ்சு வைத்து, பசைபோன்ற திரவத்தால் மூடி, மேலே பிளாஸ்டிக் தகடு மாட்டிவிட்டால் அந்த வாரம் கணிசமாக லேசாகிறது. இதை உங்கள் மருத்துவர் செய்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் பேசப்படாத ஓர் இடமும் இருக்கிறது. மேல்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாலிருக்கும் மேடு. அங்கே திசு அடர்த்தியாகவும் கொழுப்பு குறைவாகவும் இருக்கும், வலியும் குறைவு. கிடைக்கும் அளவு கொஞ்சம்தான். சிலருக்கு வைத்த இடத்தில் அளவுக்கு மீறித் தடித்துக்கொள்ளவும் செய்யும். ஒற்றைப் பல்லுக்கோ ஒற்றை இம்ப்ளான்ட்டுக்கோ இதை மறந்துவிடக் கூடாது.

கொலாஜன் மேட்ரிக்ஸ்: ஆறு மாதமும் ஐந்து ஆண்டும்

மாற்றுப் பொருள்களில் இன்று அதிகம் பேசப்படுவது பன்றியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கொலாஜன் என்ற நார்ப்புரதம். அதில் செய்த பந்தல்தான் மேட்ரிக்ஸ். இதிலும் வகை உண்டு. மியூகோகிராஃப்ட் இரண்டு அடுக்குள்ளது: ஒரு பக்கம் நெருக்கமானது, இன்னொரு பக்கம் பஞ்சுபோல. அதைத் திறந்தபடி விட்டாலும் ஆறும். ஃபைப்ரோகைட் தடிமனைக் கூட்டுவதற்காக வந்தது. அதன் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருப்பதால் சீக்கிரம் அமுங்காது, ஆனால் ஈறால் முழுதாக மூடியே ஆக வேண்டும். மியூகோடெர்ம் பன்றியின் தோலிலிருந்து செய்வது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது புண் கிடையாது. எத்தனை பல் என்றாலும் பொருள் தீராது. நிறம் அழகாகச் சேரும். 14 மையங்களில் 187 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், வரிசையாகப் பல பற்களில் ஈறு இறங்கியவர்களுக்குக் கொலாஜன் மேட்ரிக்ஸையும் அண்ணத்துத் திசுவையும் ஒப்பிட்டார்கள். மேட்ரிக்ஸ் வைத்தவர்களுக்கு அறுவை ஏறத்தாழ கால் மணி நேரம் குறைந்தது, தேறுவதும் இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக முந்தியது. ஆனால் வேர் மூடுவதில் அது அண்ணத்துத் திசுவுக்கு ஈடானது என்று நிறுவ முடியவில்லை. முழு மூடல் கிடைத்தவர்கள் அண்ணப் பக்கத்தில்தான் அதிகம்.

காலம் போகப் போக இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் மைக்கேல் மெக்குவயரும் டாட் ஷேயரும் ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கம் மேட்ரிக்ஸும் மறுபக்கம் அண்ணத்துத் திசுவும் வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் வேர் மூடியது மேட்ரிக்ஸ் பக்கம் 88.5 சதவீதம், அண்ணப் பக்கம் 99.3 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்து மேட்ரிக்ஸ் பக்கம் 77.6க்கு இறங்கியிருந்தது, அண்ணப் பக்கம் 95.5இல் நின்றது. சிறிய ஆய்வுதான். ஆனால் நோயாளிகள் இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மருத்துவரின் அளவுகோலுக்குத் தெரியும் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி முன் நிற்பவருக்குத் தெரியாமலும் போகலாம்.

மனிதத் தோலிலிருந்து செல்களை நீக்கிச் செய்யும் மேட்ரிக்ஸிலும் இதே போக்கைக் காண்கிறோம். தீக்காயத்துக்காக உருவாகிப் பிறகு பல் மருத்துவத்துக்கு வந்தது ஆலோடெர்ம். இறந்தவர்கள் தானமாகத் தந்த தோலிலிருந்து செய்கிறார்கள். 2004இல் ராண்டல் ஹாரிஸ் வெளியிட்ட ஒப்பீட்டில், சில மாதங்களில் 93 சதவீதமாக இருந்த மூடல் நான்கு ஆண்டு வாக்கில் 66 சதவீதமாகியிருந்தது. அண்ணத்துத் திசு வைத்தவர்களிடம் 97 சதவீதம் அப்படியே இருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று இதைப் படிக்கக் கூடாது. அவருடைய நோயாளிகளிலேயே சிலருக்கு நிலைத்து நின்றது. ஆனால் யாராவது ஆறு மாதப் படத்தைக் காட்டி "பாருங்க, வித்தியாசமே இல்லை" என்றால், ஐந்தாண்டுப் படம் இருக்கிறதா என்று கேட்பது நியாயம்.

மற்றவை, சுருக்கமாக

எம்டோகெய்ன் ஒரு ஜெல். பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் புரதம். வேரின் மேல் பூசி ஈறை மேலே இழுத்துத் தைக்கிறார்கள். வேருக்கும் ஈறுக்கும் நடுவே வெறும் ஒட்டல் உண்டாவதற்குப் பதிலாக எலும்பும் நார்ப்பிடிப்பும் புதிதாக வளர உதவுவது இதன் பலம். பத்தாண்டு பின்தொடர்ந்த ஒரு சிறிய ஆய்வில் இது அண்ணத்துத் திசுவோடு ஈடுகொடுத்து நின்றது. ஆனால் தடிமன் தராது. ஓரளவு தடிமனான ஈறும் கொஞ்சம் கெட்டிப் பட்டையும் இருப்பவர்களுக்கு அண்ணத்தைத் தொடாமல் கிடைக்கும் நல்ல வழி. பல்வேருக்காக வந்த பொருள் இது, இம்ப்ளான்ட்டுக்கு அல்ல.

பி.ஆர்.எஃப். என்பது உங்கள் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் படலம். ஃபைப்ரின் என்பது ரத்தத்தை உறைய வைக்கும் புரதம். 2001இல் பிரான்சில் ஷோசெஃப் ஷுக்ரூன் அறிமுகப்படுத்தினார். சொந்தப் பொருள் என்பதால் ஈர்ப்பு அதிகம். அண்ணத்துப் புண்ணின் மேல் வைத்தால் ஆறுவது லேசாகிறது, அதற்கு மனதார ஆதரவு. ஈறுக்குத் தடிமனும் கெட்டிப் பட்டையும் தரும் ஒட்டாக மட்டும் இதை நம்பக் கூடாது. சில நாட்களில் கரைந்துபோகும் படலம் அது.

இம்ப்ளான்ட் என்றால் கணக்கு மாறும்

பல்லுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் ஈறு பிடிக்கும் விதமே வேறு. பல்வேரில் ஈறின் நார்கள் வேருக்குள் செங்குத்தாக ஊன்றி நிற்கின்றன. இம்ப்ளான்ட்டில் அவை பரப்புக்கு இணையாக ஓடிச் சட்டைக் கழுத்துப்போலச் சுற்றி நிற்கின்றன. பல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து வரும் ரத்த ஓட்டமும் அங்கே இல்லை. ஒட்டு பிழைக்க ரத்தம் வேண்டும். அதனால் பல்லில் நன்றாக வேலை செய்யும் அதே அறுவை இம்ப்ளான்ட்டில் தடுமாறும்.

ஏற்கனவே இறங்கிவிட்ட இம்ப்ளான்ட் ஈறைத் திரும்ப மேலே கொண்டுவருவது கடினம். 2008இல் ரினோ பர்க்ஹார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 10 பேருக்கு அண்ணத்து இணைப்புத் திசுவையே வைத்து முயன்றார்கள். ஆறு மாதத்தில் சராசரி மூடல் 66 சதவீதம், முழு மூடல் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அண்ணத்துத் திசுவுக்கே இந்த நிலை. இம்ப்ளான்ட் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நட்டிருந்தால் ஒட்டு மட்டும் போதாது. மேலே மாட்டியிருக்கும் செயற்கைப் பல்லான கிரவுனைக் கழற்றி, இம்ப்ளான்ட் மேல்பாகத்தின் வடிவத்தைக் குறைத்து, ஒட்டு வைத்துப் பல மாதம் கழித்துப் புதுக் கிரவுன் செய்ய வேண்டியிருக்கும். அதைப் பற்றிப் பேசாமல் பொருளை மட்டும் பேசுபவரிடம் கொஞ்சம் நிதானமாகவே இருங்கள்.

தடிமன் மட்டும் வேண்டுமென்றால் நிலைமை நம்பிக்கையாக இருக்கிறது. ரொனால்ட் யுங் 2007இல் பன்றித் தாடையில் நடத்திய சோதனையில், ஈறு 3 மி.மீ. தடிமனாக இருந்தால் அடியிலிருக்கும் பொருளின் நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பீங்கான் வகையான சிர்கோனியாவுக்கு 2 மி.மீ. போதுமாக இருந்தது. அதாவது பலருக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஒற்றை இம்ப்ளான்ட்டைச் சுற்றி, தடிமனுக்காக வந்த கொலாஜன் மேட்ரிக்ஸையும் அண்ணத்துத் திசுவையும் 20 பேரில் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் மேட்ரிக்ஸ் பின்தங்கவில்லை. பிறகு வந்த சில ஆய்வுகளில் அண்ணத்துத் திசுவே அதிகத் தடிமனைத் தக்கவைத்தது. என்னைக் கேட்டால், சிரிப்பில் தெரியும் முன்பல் இம்ப்ளான்ட்டுக்கு அண்ணமோ பின்மேடோதான். பின்பக்கத்தில் கொஞ்சம் தடிமன் கூட்டினால் போதும் என்ற இடத்தில் மேட்ரிக்ஸ் முற்றிலும் ஏற்கத்தக்கது.

கெட்டிப் பட்டை குறைவது இம்ப்ளான்ட்டில் வரும் பெரிய தலைவலி, குறிப்பாகக் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில். 2 மி.மீ. பட்டையாவது இருந்தால் துலக்குவது வசதி, வீக்கமும் குறைவு என்று பலரும் சொல்கிறார்கள். கார்ரிங்கின் குரங்குகள் இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். பக்கத்தில் ஒரு மெல்லிய கோடாகவாவது கெட்டி ஈறு மிச்சமிருந்தால் மேட்ரிக்ஸ் அதிலிருந்து பட்டையை அகலப்படுத்தும். 2009இல் மாட்ரிட்டில் மரியானோ சான்ஸின் குழு பார்த்தபோது கொலாஜனும் இணைப்புத் திசுவும் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. பட்டையைத் தந்தன, வலி கொலாஜன் பக்கம் குறைவு. ஆனால் கெட்டி ஈறே மிச்சமில்லாத இடத்தில் தோலோடு கூடிய அண்ணத்துத் துண்டுதான் நம்பகமான வழி. அந்த இடம் வெளியே தெரியாது என்பதால் நிறம் சேராததைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

கத்தி எடுக்கும் முன்

எதை வைத்தாலும் கெடுக்கக்கூடியது புகை. ஒட்டுக்குப் போகும் ரத்தத்தை நிகோட்டின் சுருக்குகிறது. புகையைத் தொடர்ந்தபடி மிகச் சிறந்த பொருளைத் தேடுவதைவிட, நிறுத்திவிட்டுச் சாதாரணப் பொருளை வைப்பது மேல். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், குமட்டலால் அண்ணத்தில் கை வைக்கவே முடியாதவர்களுக்கும், ஏற்கனவே அண்ணத்தில் எடுத்துத் தீர்ந்துபோனவர்களுக்கும் மாற்றுப் பொருள் பக்கம் தராசு சாயும்.

பொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பன்றியிலிருந்து வந்ததை மதத்தாலோ மனத்தாலோ ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். இறந்த மனிதரின் தோல் என்றால் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். பெட்டியின் பெயரை மட்டும் கேட்டால் இது தெரியாது. அறுவைக்குப் பிறகு தெரிந்துகொண்டு மனம் வெதும்புவதைவிட, முன்பே கேட்டுவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

அப்புறம், அண்ணமா மேட்ரிக்ஸா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. புடாபெஸ்ட்டைச் சேர்ந்த இஷ்த்வான் உர்பான் விவரித்த ஒரு முறையில், அண்ணத்திலிருந்து சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீற்றை மட்டும் எடுத்து, ஆடும் சதை ஏறிவராதபடி எல்லையில் வேலிபோலத் தைக்கிறார்கள். வேலிக்கும் பல் வரிசைக்கும் நடுவிலிருக்கும் இடம் முழுவதையும் கொலாஜன் மேட்ரிக்ஸ் மூடுகிறது. கெட்டி ஈறின் கட்டளை கீற்றிலிருந்து வருகிறது, பரப்பு பெட்டியிலிருந்து வருகிறது, அண்ணத்தில் மிஞ்சுவது ஒரு மெல்லிய கோடு. நீளமான இடத்தில் பட்டை வேண்டியிருந்து, அண்ணத்துப் புண்ணை நினைத்துத் தயங்குபவர்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய முறை இது.